மூன்று புள்ளிக்குக் குறைவு

பெட்டியைக் கையில் தருமுன்பே
கூரியர்க்காரர் ஒரு சீட்டை நீட்டினார்.
கடல் வரி, அறுபத்தொரு யூரோ.
விமானத்தில்தானே வந்தது, என்றேன்.
தீவு கடலில்தானே இருக்கிறது, மேடம்,
என்றார், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி.

ஆக, மலிவென்று நான் வாங்கியது
சேந்த்-ஆந்த்ரே வாசற்படி ஏறும்போதே
கடைவீதி விலையைத் தொட்டிருந்தது.

மூன்று இரவு உட்கார்ந்து நானே தேர்ந்து கட்டிய மடிக்கணினி.
சின்னச் சின்னக் கட்டங்களில்
டிக் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு.
நினைவகம் பதினாறு: இருக்கட்டும்.
விண்டோஸ்: வேண்டாம், நூற்றுப்பத்து மிச்சம்.
கைரேகைப் பூட்டு: என்னிடம் திருட என்ன இருக்கிறது,
பிறத்தியார் பிறந்த தேதிகளைத் தவிர?
விசைகளுக்கு அடியில் வெளிச்சம்: அதுவும் வேண்டாம்,
என் விரல்களுக்குக் கண் உண்டு.
கூட்டுத்தொகை இறங்க இறங்க
கறிவேப்பிலை கொசுறாய்க் கிடைத்த மகிழ்ச்சி.

என் தொழில் சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பு.
காரைக்காலில் பிறந்தவர்களைப் பிரெஞ்சிலும்
இங்கே பிறந்தவர்களைத் தமிழிலும்
இரண்டாம் முறை பிறக்கவைப்பேன்.
பக்கத்துக்கு முப்பத்திரண்டு யூரோ, முத்திரை சேர்த்து.

முதல் நாள்
ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினேன்,
அடிப்பாகமும் கூடவே எழுந்து வந்தது.
கீல் இறுக்கம். பழகிவிடும்.
ஒலிபெருக்கி, தகர டப்பாவுக்குள் யாரோ தும்முவதுபோல்.
விசிறி இருபது நிமிடம் மௌனவிரதம்,
பிறகு பக்கத்து வீட்டு ஃபோந்தேன்
புல்வெட்டியை முடுக்கிவிட்டாரோ என்று
ஜன்னலைச் சாத்தப் போனேன்.
தொடுபலகை நன்றாக இருந்தது.
இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.
அதையும் எழுதி வைத்தேன், நியாயம் நியாயம்தான்.

மின்கலம் ஒன்பது மணி நேரம் என்று போட்டிருந்தார்கள்.
சோதித்துப் பார்க்க நேரமில்லாத எனக்காகப்
புயல் வந்தது.
சிவப்பு எச்சரிக்கை, தெருவில் ஒரு நாய்கூட இல்லை,
மதியம் இரண்டுக்கு மின்சாரம் போனது.
கரும்புக்காடு ராத்திரி முழுக்கத் தரையோடு தரையாய்ப் படுத்தது.
ஏழே முக்காலுக்குத் திரை அணைந்தது.
ஐந்தே முக்கால் மணி நேரம். மீதியைக் காற்று கொண்டுபோயிருக்கும்.

அணைவதற்குள் தெரிந்துவிட்டது,
விரல்களுக்குக் கண் இல்லை.
மணமகன் என்று அடித்தேன்,
ஷிப்ட் தவறி
மனமகன் வந்து நின்றான்.
இருபது யூரோ விளக்கை வேண்டாமென்றவள்
மெழுகுவத்தியை விசைப்பலகைமேல் சாய்த்துப் பிடித்து,
ஒரு சொட்டு மெழுகு F7-இன்மேல். இன்னும் இருக்கிறது.

புள்ளியை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

மரி-லிஸ் சபபாடி, வயது இருபத்தேழு,
மாப்பிள்ளை திருநள்ளாறு பக்கம்.
அவள் குடும்பத்தில் எப்போதோ ஒருவர் சபாபதியாக இருந்திருப்பார்.
பதிவேட்டில் எப்படியோ அப்படியே எழுது என்கிறது சட்டம்.
எழுதினேன். திரையில் 'சப்பாடி' என்று நின்றது.
நான் வைக்காத புள்ளி.
அழித்தேன்.
எழுத்து போனது, புள்ளி போகவில்லை.

வெறும் வெள்ளைப் பக்கத்தில்
யாருடைய மெய்யுமாக இல்லாமல்
கறுப்பாய் ஒரு செத்த புள்ளி.

கடைக்கு எழுதினேன். மறுநாளே பதில்:
மூன்று புள்ளிக்குக் குறைவாக இருந்தால்
அது குறை அல்ல.
திருப்பி அனுப்பலாம், தீவுகளுக்கு
அனுப்பும் செலவு வாடிக்கையாளருடையது,
எழுபத்தெட்டு.
கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று
ஐந்து காலி நட்சத்திரங்கள்.
அந்த மடல் இன்னும் திறந்தபடியே கிடக்கிறது.

ஃபோந்தேன் வந்து பார்த்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, என்றார்.
அவருக்குத் தெரியாது. அவர் மொழியில் புள்ளி
i தலையிலும் வாக்கியக் கடைசியிலும் சும்மா உட்கார்ந்திருக்கும்.
ஒரு உயிரை எடுத்துவிடாது.

இப்போதெல்லாம்
முத்திரை குத்துமுன்
பக்கத்தை அரை வரி நகர்த்திப் பார்க்கிறேன்.
கூடவே நகர்ந்தால் அந்தப் புள்ளி தமிழுடையது.
நகராமல் நின்றால் என்னுடையது,
ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து யூரோ,
கடல் வரி உட்பட.