கம்பம் எண் பதினேழு

ரெட்டிச்சாவடி தாண்டினதும்
பெட்ரோல் பங்குக்கு எதிரே நிற்கிறது.
ஒரு கண், ஒரு ராடார், கீழே ஒரு பெட்டி.
பெட்டிச் சாவி என்னிடம்.
ஒப்பந்தக் கூலி மாதம் பதினோராயிரத்து இருநூறு,
ஏணி என் சொந்த ஏணி.

ஐம்பதைத் தாண்டி ஒரு சக்கரம் வந்தால்
அது ஒருமுறை இமைக்கும்.
எண்ணைப் படிக்கும், ஆளைத் தேடும்,
வீடு போய்ச் சேர்வதற்குள்
சட்டைப்பையில் போன் துடிக்கும்.

சேறு அப்பிய எட்டை
மூன்று என்று படித்துவிடும் சில நாள்.
அப்படித்தான் கலியபெருமாள் கொட்டகையில்
டயர் இல்லாமல் செங்கல்மேல் நிற்கும் மொபெட்
எழுபத்தெட்டில் பறந்ததாகச் செய்தி போனது.
மனிதர் சண்டைக்கு வரவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"அவ்வளவு ஓடுமா தம்பி?
அப்ப என்ன விலைக்குப் போகும்?"

அஞ்சலாட்சிக்கு வந்தது வேறு.
வண்டி அவள் பெயரில்,
படத்தில் ஓட்டுகிறவன் அவள் புருஷன்,
பிற்பகல் மூன்று பத்து, பாகூர் போகும் பக்கம்,
பின்சீட்டில் காற்றில் ஒரு பச்சைத் துப்பட்டா.
ஆயிரம் ரூபாயை அன்றைக்கே கட்டிவிட்டாள்.
துப்பட்டாவுக்கு மட்டும்
வீட்டில் இன்னும் தவணை போகிறது.

தமிழ்நாட்டுக் கண்ணுக்குப் பாண்டி வண்டி தெரியாது
என்று பந்தயம் கட்டினான் கன்னியக்கோயில் எதிராஜு.
தெரிந்தது. மூன்று முறை.

பிறகு ஊர் கற்றுக்கொண்டது.
கம்பத்துக்கு அறுபதடி முன்னால்
எல்லோரும் சாது.
துறைமுகத்து மீன் வண்டி ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட
மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகரும்.
எல்லைக் கடையில் மலிவாக ஏற்றிக்கொண்டு வருகிறவன்கூட
முதுகை நிமிர்த்தி, ஹாரனைத் தொடாமல்.
தாண்டினதும் முறுக்குவார்கள்,
அது வேறு கதை.

கார்த்திகையில் புயல் வந்தது.
மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன்.
பலகை பச்சை பூத்து, உப்பில் பொரிந்து,
ஒயர் இடுக்கில் பல்லி முட்டை இரண்டு.
சோலார் தகடு தப்பித்திருந்தது,
அதனால் சிவப்புப் புள்ளி எரிந்தது.
'உயிரோடு இருக்கிறேன்' என்று மணிக்கொருமுறை
மேலிடத்துக்குச் சொல்லும் சிம்மும் சாகவில்லை.
பார்வை மட்டும் போயிருந்தது.

அறிக்கை எழுதக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்தேன்.
நாலு இருபது. பள்ளிக்கூட மணி.
பிள்ளைகள் கோடு போட்ட இடத்தில் கடக்கவில்லை.
கோட்டுக்கு எவனும் நிற்பதில்லை.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு,
பாதி கடிச்ச கொய்யாவோடு
இருநூறு அடி நடந்து கம்பத்துக்கு வந்து
இங்கே கடந்தார்கள்.
ஒரு பஸ் அவர்களுக்காக ஊர்ந்தது.
அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.
ஒரு நாயும் அவர்களோடு கடந்தது.

கண்ணைக் கழற்றி அனுப்பினால்
திரும்பிவர எட்டு மாதம், ஒன்பது மாதம்.
அதுவரை வெறும் இரும்புக் குழாய்.
குழாய்க்கு யார் பயப்படுவார்?

தாளை நாலாக மடித்து
ஏணியின் கீழ்ப்படியில் செருகி வைத்தேன்.
ஆட்டம் நின்றது.

அதிலிருந்து செவ்வாய்தோறும் நாலு மணிக்கு ஏறுகிறேன்,
ஊர் பார்க்கிற நேரமாகப் பார்த்து.
மஞ்சள் துணியால் கண்ணைத் துடைக்கிறேன், மெதுவாக.
வேண்டாத திருகு ஒன்றைத் திருகுகிறேன்.
பல்லிக்கு இடையூறு செய்வதில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து போன்:
"பதினேழாம் நம்பர்ல ஒரு அபராதமும் விழலையே, ஏன்?"
"எல்லாரும் மெதுவாப் போறாங்க சார்."
சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன்,
அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

நேற்று இரவு பதினொன்றரை.
ஏணியை வண்டியில் குறுக்கே கட்டிக்கொண்டு
மஞ்சக்குப்பம் திரும்புகிறேன்.
சாலையில் ஈ காக்கை இல்லை.
பெண்ணையாற்றுக் காற்று முகத்தில். வேகம் அறுபத்தைந்து.
இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி.

எனக்குத் தெரியும்.
பிரேக்கை மிதித்த காலுக்குத் தெரியவில்லை.