பின்பக்கம்

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
என் மகள் எத்தனை வயதுவரை இருப்பாள் என்று
பேரம் நடந்தது இன்று.

எங்கள் நிபுணர் நாற்பத்தொன்று என்றார்.
அவர்கள் நிபுணர்
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு
இருபத்திரண்டு என்றார்.
நடுவே கிடந்த பத்தொன்பது வருஷத்தை
யாரும் குனிந்து எடுக்கவில்லை.
பத்தொன்பது தீபாவளி.
நாளுக்கு ஆறு பேம்பர்ஸ்.
வயது குறைந்தால் தொகை குறையும்,
அவ்வளவுதான் கணக்கு.
பாயான் பாரு இரவுச் சந்தையில்
மீனுக்குக்கூட நான் இப்படி இழுத்துப் பேசியதில்லை.

லோஷினிக்கு இப்போது ஒன்பது.

மொழிபெயர்ப்பாளர் மென்மையானவர்.
பெருமூளை வாதம் என்று சொல்ல நேரும்போதெல்லாம்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன் என்பதுபோல.

பத்து ஐந்துக்கு அந்த நீளக் காகிதம் வந்தது.
வயிற்றுக்குள் அவள் இதயம் வரைந்த கோடு.
இரண்டு பத்திலிருந்து மூன்றே முக்கால்வரை
கோடு இல்லை.
இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டதாம்.
தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லையாம்.
நான் கவனித்தேன், யாங் ஆரிஃப்.
கறகறவென்று இழுக்கும் சத்தம் நின்றது.
மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கூப்பிட்டேன்.
திரையை விலக்கி ஒரு முகம்
"முதல் பிள்ளையா? எல்லாரும் இப்படித்தான்" என்றது.
கோப்பில் அந்த வரி இல்லை.

எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள் என்றார்
எங்கள் வழக்கறிஞர் மிஸ் கோ, முதல் நாளே.
வைத்தேன். மூன்று பிஸ்கட் டின்.
மருந்துக்கடை ரசீதில் மையே கிடையாதாம், வெறும் சூடாம்;
டின்னுக்குள் இருட்டில் இருந்தாலும் வெளுத்துவிடும்.
அவளுக்கு இரண்டு வயதான வருஷம்
முழுக்க வெள்ளை.
நல்லவேளை, பின்னால் பேனாவால் எழுதியிருக்கிறேன்:
பால்மாவு 68.90.
குழாய் மாற்றியது 45.
சளி. மூன்று ராத்திரி. நான் லீவு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்றை எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தார்.
"வெறுங்காகிதம், யாங் ஆரிஃப்."
உங்களுடையதும்தானே என்று நான் முணுமுணுத்ததை
மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிறகு அவரே, தண்ணீர் குடித்துவிட்டு, என்னிடம்:
"பிள்ளைக்கு உங்களை அடையாளம் தெரியுமா?"

இதை மட்டும் மிஸ் கோ சொல்லித்தரவில்லை.
தெரியும் என்றால்
அப்படியொன்றும் மோசமில்லையே என்பார்களோ.
தெரியாது என்றால்
எதுவும் உறைக்காதவளுக்கு எதற்கு ஈடு என்பார்களோ.
எந்தப் பதிலுக்கு எத்தனை ரிங்கிட்?

இரவு சிப்ட் முடிந்து ஏழரைக்கு வந்து
வாசலில் ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிய்ப்பேன்.
அந்தச் சத்தத்துக்கு
அவள் இடது கண் மெல்லத் திரும்பும்.
வாய் ஒரு பக்கம் கோணும்.
எங்கள் வீட்டில் அதற்குச் சிரிப்பு என்று பெயர்.

மிஸ் கோவைப் பார்த்தேன்.
அவர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றேன்.
"கெனல்" என்றார் மொழிபெயர்ப்பாளர்,
இந்த முறை குரலைத் தாழ்த்தாமல்.

நவம்பர் பதினொன்றுக்குத் தள்ளிவைத்தார்கள்.
வெளியே எங்கள் காரின் கண்ணாடியில்
பார்க்கிங் சம்மன்.
"இதையும் டின்ல போடணுமா?" என்றார் சுகுமாறன்.
சிரித்தோம்.
நிறுத்த முடியாமல், ரோட்டோரம், கோர்ட் உடுப்போடு.

பீச் ஸ்திரீட் நகல் கடையில்
மிச்ச ரசீதுகளை நாலு நாலாக அடுக்கினேன்,
வெளுப்பதற்குள்.
கடைப் பையன் ஒன்றைத் திருப்பி நீட்டினான்.
"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே."

"மறுபக்கம் போடு தம்பி" என்றேன்.