முதல் இலக்கம்

வெள்ளி பின்னேரம், கடை பூட்டும் நேரம் பார்த்து
கிண்ணியாவிலிருந்து இரண்டு சகலன்மார் வந்தார்கள்.
ஒரே மோட்டார் சைக்கிள்,
ஒரே கோபம்,
ஒரே மாதிரி இரண்டு மணிக்கூடு.

தோஹாவிலிருந்து மாமனார் வாங்கி அனுப்பியவை.
ரிஃப்கானுக்குப் போன நோன்புப் பெருநாளில்,
முபீனுக்கு இந்த ஹஜ்ஜில்.
அதே நீல முகம், அதே முட்கள்.
விலையும் அதே என்று
மாமனார் தொலைபேசியில் சத்தியம் பண்ணுகிறாராம்.

"உள்ளுக்க வேறயாம் தங்கச்சி.
கொம்பனிக்காரன் இஞ்சின மாத்திட்டானாம்.
திறந்து பாத்துச் சொல்லுங்க,
யாருக்குப் பழசு?"

திங்கள் காலை வரச் சொன்னேன்.
அவர்கள் போனதும்
றப்பர் பந்தை அழுத்தி முதுகைத் திருகினேன்.
கண்ணில் பூதக்கண்ணாடி.
பித்தளைப் பாலத்தின் ஓரம்
மணல் பருக்கை அளவில் எழுத்து:
ரிஃப்கானுடையதில் 2184,
முபீனுடையதில் 3184.

ஏறியிருப்பது ஒரே ஓர் இலக்கம்.
அதற்காக எந்த மலைநாட்டில் யார் யாரோ
எத்தனை மாரி குனிந்திருந்தார்களோ!
வில் அடைத்த பீப்பாவின் சுவரை
இன்னும் மெலியச் சீவி
மிஞ்சிய இடத்தில் வில்லைக்
கூட ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.
பல்லுச் சக்கரத்தின் வயிற்றைக் குடைந்து
பாரம் இறக்கியிருந்தார்கள்.
மயிர்வில் இப்போது நீலம்;
காந்தம் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராத நீலம்.
கழற்றி வைத்தால்
பழையது நாற்பத்தெட்டு மணித்தியாலம்.
புதியது எழுபது.

எனக்கும் பார்க்க ஆசை.
இரண்டுக்கும் முழுச் சாவி கொடுத்து
வெல்வெட் துண்டில் அருகருகே கிடத்தினேன்.

என்னையும் ஒருமுறை இலக்கம் மாற்றினார்கள்.
ஒன்பது இலக்கமும் வாலில் ஓர் எழுத்துமாக இருந்த அடையாள அட்டை
தொலைந்து, புதியது வந்தபோது பன்னிரண்டு.
முன்னால் ஒரு பத்தொன்பது,
நடுவில் ஒரு சுழியம்.
வால் உதிர்ந்துவிட்டது.
உள்ளே யாரும் எதையும் குடையவில்லை.
மழைக்கு முன் நோகிற அதே இடது முழங்கால்.
வில்லும் நீளவில்லை.

ஞாயிறு பின்னேரம் கடையைத் திறந்தேன்.
மத்திய வீதியில் ஒரு மான்
மூடிய மரக்கறிக் கடை வாசலில்
கோவா இலை பொறுக்கிக்கொண்டிருந்தது.
ஆறு மணி கழிந்து பத்து நிமிடம்.
பழையதன் விநாடி முள்
ஏழாம் கோட்டில் ஒருதரம் யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.
பக்கத்தில் மற்றது
ஒரு கூச்சமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கள் காலை நின்றதற்குச் சாவி கொடுத்தேன்.
பதினொரு திருகு.
திருகியை இழுத்து முள்ளைத் தள்ளத் தள்ள
ஏதோ ஓர் அரை மணித்தியாலத்தைக் கடக்கையில்
சம்பூர் வந்தது.
நான் பள்ளிக்கூடம் போன காலம்,
அரசாங்கம் நேரத்தை முன்னே நகர்த்த
அக்கரை நகர மறுத்தது.
மாமி மூதூர் வள்ளத்தில் ஏறும்போது எட்டு,
அதே நொடி எங்கள் வீட்டில் எட்டரை.
அன்று ஒரு குடாவுக்கு இரண்டு முகம்;
அடியில் ஓடியது ஒரே தண்ணீர்.
இங்கே முகம் ஒன்று.

ஒன்பதரைக்கு வந்தார்கள்.
ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார்கள்.
"ரெண்டும் நல்லா ஓடுது," என்றேன்.
பொய் இல்லை.
"கையில கட்டியே இருங்க, நிக்காது."
முபீன் சிரித்துக்கொண்டே
மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனான்.
ரிஃப்கான் காசை எண்ணுகிற சாக்கில் பின்தங்கினான்.

"எண்டதுதானே பழசு?
டெங்கில ஆஸ்பத்திரியில கிடந்தன்.
மூணாம் நாள் எழும்பிப் பாக்கக்குள்ள
இது நிண்டுட்டு.
நான் நிக்கல்ல."

பதிவேட்டை விரித்தேன்.
பெயர், ஊர், தொகை.
இயந்திர இலக்கத்துக்கு நாலு கட்டம்.
இரண்டு வரியிலும்
முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு
184 என்று எழுதினேன்.
பார்த்துக்கொண்டே நின்றவன்
மிச்சக் காசை வாங்காமல் போனான்.