பட்டாணி

கடையில் மூன்று ஸ்டாண்டுகள்.

ஒன்று இரும்புத் தட்டின் மேல் நேராக நிற்பது.
தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம்.
லாரி போனாலும் அசையாது,
ஆனால் குனியவும் தெரியாது.
என் கன்னெல் மடியில் கிடத்தி மீட்டும் வாத்தியம்.
கம்பிகள் எல்லாம் கூரையைப் பார்த்துப் படுத்திருக்க
விறைத்து நிற்கிறவனிடம் அவை என்ன சொல்லும்?

இன்னொன்று மேஜை விளிம்பைக் கவ்வுகிற ஸ்பிரிங் கை.
"ரேடியோக்காரர்கள் இதைத்தான் வாங்குவார்கள்" என்றான் ரைகோ.
என் மேஜை
தன் நான்கு கால்களில் மூன்றை மட்டுமே நம்பும்.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கடைசியில் முக்காலி. மேலே நீளமாக ஒரு கை,
முப்பத்தொன்பது யூரோ.
"யாருக்காகப் பதிவு செய்கிறீர்கள்?" என்றான்.
விலைச்சீட்டின் பின்பக்கம் வரை தேடினேன்,
பதில் அங்கேயும் இல்லை.
கையோடு இருப்பதையே கொடு என்றேன்.

கைகளைப் பற்றி எனக்குத் தெரியும்.
பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடம்.
காலை எட்டிலிருந்து ஐந்து வரை
திறந்த வாய்களின் மேல் விளக்கை இழுத்து நிறுத்துகிறேன்.
விட்ட இடத்தில் நிற்கும் அது.
டாக்டர் ஊலே திட்டினாலும்
நோயாளி நாற்காலியை உதைத்தாலும் நிற்கும்.
உலகத்துக் கைகளெல்லாம் அப்படித்தான் என்று
நினைத்திருந்தேன் போல.

வீட்டில், உருளைக்கிழங்குத் தெருவில்,
பலகைத் தரையில் முக்காலியை விரித்தேன்.
முதல் மீட்டலில் மைக் விரல்களுக்கு மேல் ஒரு சாண்.
இரண்டாம் நிமிடம், நான்கு விரல்கடை.
பாட்டு முடிகையில்
தூங்கி வழிகிற கணக்கர் மாதிரி
கம்பிமேல் மூக்கை வைத்திருந்தது.
திருகை இறுக்கினேன்.
குறடு கொண்டு இறுக்கினேன்.
உள்ளே ஏதோ பிளாஸ்டிக் 'டப்' என்றது.
அதன்பின் திருகு என் கோபத்துக்கெல்லாம்
சும்மா சுற்றிக் கொடுத்தது.

மறுபடி கடை.
"கையின் பின்முனையில் எடை தொங்கவிட வேண்டும்" என்று
ரைகோ மணல்பை ஒன்றைக் காட்டினான்.
பதினான்கு யூரோ.
மணலுக்கா?
ஆற்றங்கரையில் எவ்வளவோ கிடக்கிறது,
ஏப்ரல் வரை பனிக்கு அடியில்.

என் கம்பளிக் காலுறை ஒன்று ஜோடி தொலைத்துக் கிடந்தது.
அரைக் கிலோ காய்ந்த பட்டாணி நிரப்பி முடிச்சிட்டேன்.
(இரண்டு தெரு தள்ளிப் பட்டாணித் தெருவே இருக்கிறது.
வாங்கியது என்னவோ சூப்பர் மார்க்கெட்டில்.)
தொங்கவிட்டேன்.
கை ஒருமுறை மேலே போனது, யோசித்தது,
இறங்கி வந்து
நின்றது.
ஒரு நிமிடம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அடுத்த நிமிடமும்.

மேல்வீட்டு வாம்போலா தொலைக்காட்சியை அணைக்கும்வரை காத்திருந்தேன்.
ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினேன்.
பதினொன்றே கால்.
சிவப்புப் பொட்டு எரிந்தது.

நன்றாகத்தான் போனது.
எப்போதும் தடுக்குகிற திருப்பத்தில்கூட
விரல் தடுக்கவில்லை.
கடைசிக் கம்பியைத் தொட்டுவிட்டு
அதன் அதிர்வு அடங்கக் காத்திருந்தேன்.
அடங்கிக்கொண்டே இருந்தது,
இன்னும் கொஞ்சம்,
இன்னும்

டிக்.

காலுறையின் குதிகாலில் ஓட்டை.
எனக்குத் தெரியும், என் குதிகாலுக்கும் தெரியும்,
எடுக்கும்போது இருவருமே மறந்துவிட்டோம்.
ஒரே ஒரு பட்டாணி.
பலகையில் மூன்று முறை துள்ளி,
உருண்டு,
அலமாரி அடியில் போய் எதிலோ மோதி நின்றது.

அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம்.
வாம்போலா தூங்கிவிட்டார்,
இரவு இன்னும் இருக்கிறது.
தலைக்கவசம் போலிருக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன்.
கன்னெல், பிறகு அடங்கல், பிறகு அந்தப் பட்டாணி.
பிறகு மூட்டு சொடுக்கும் சத்தம்,
பலகை முனகல், "எங்கே போனாய்?" என்று
தரையோடு தரையாக ஒரு பெண் குரல்.

பத்தொன்பது வருடமாக
"வாயை இன்னும் கொஞ்சம் திறங்கள்" என்று சொல்கிற குரல்.
இவ்வளவு தாழ்வாக அது பேசி
நான் கேட்டதில்லை.