ஏழா, பதினாலா

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பள்ளிக்கூடம்.
பிள்ளைகளில் பாதி
செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் தூங்கி எழுந்து வருபவர்கள்.

பி.டி.ஏ. கூட்டம். பெஞ்சுக்கு ஒருவர்.
ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க
கணவாய்க் காற்று
என் மினிட்ஸ் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

ஏழு நாள் போதும் என்றார் ஷைலஜா டீச்சர்,
ஆறாம் வகுப்பு பின்னக் கணக்கையே மறந்துவிட்டது.
பதினாலு, என்றார் ஹெல்த் இன்ஸ்பெக்டர்
மாஸ்க்குக்குள் மலையாளத்தில்.

தேங்காய் லாரி காஜாமைதீன் எழுந்தார்:
"தெனம் ரெண்டு தடவ கோட்டத் தாண்டுறேன் சாரே.
என் பையனுக்கு என்னிக்கு ஒண்ணாம் நாளு?"
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ரங்கநாயகிக்கு ஒற்றை அறை வீடு,
ஆஸ்துமாவோடு மாமனார்.
"பள்ளிக்கூடம் தொறங்க, வேண்டாங்கல.
தொத்தோட வந்தா எம்புள்ள எங்கீங்க படுப்பா?
அத மட்டும் சொல்லுங்க."
இன்ஸ்பெக்டர் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் தேடினார்.
ஒரு பக்கம்தான் வந்திருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஏழுக்குப் பதினொன்று.
பதினாலுக்கும் பதினொன்று.
குறிப்பெழுதும் கை மட்டும் மிச்சம்.

காலையிலிருந்து எனக்குத் தொண்டையில் ஒரு முள்.
உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மிளகு மென்றேன்.
காய்ச்சல் இல்லை என்றே நினைத்தேன்;
தொட்டுப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

பேனாவை வைத்துவிட்டு
பதினாலுக்குத் தூக்கினேன்.
ஷைலஜா டீச்சர் பார்த்த பார்வையை
நோட்டில் ஏற்றவில்லை.

கையெழுத்து வாங்கி முடித்து
சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்
அதுவரை அடக்கியதையெல்லாம் இருமினேன்.
பிறகு எண்ணத் தொடங்கினேன்:
ஒன்று.