எடை மேடை

மிசௌரி ஆற்றுக்கு இந்தப் பக்கம்
சோளம் அறுத்து முடிந்த வெளியில்
ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம்.
பெயர்ப்பலகை கிடையாது.
கால்டர் என்றால் அயோவாவில் எல்லோருக்கும் தெரியும்.

நாலு மைல் தள்ளி, நெடுஞ்சாலை வளைவில்
ஃபெர்ன்வே போனின் விளம்பரத் தட்டி.
வெள்ளையில் கறுப்பாக ஒரே வரி:
"உங்கள் வாழ்க்கை, உங்கள் கையில் மட்டும்."
கால்டரைத்தான் குத்துகிறார்கள் என்பது
லாரி ஓட்டுகிறவனுக்கும் புரியும்.

இரவுப் பணி மார்லிஸ் ஹூக்ஸ்ட்ராவுக்கு
இன்னொன்றும் புரியும்.
வேலைச் சீட்டில் வாடிக்கையாளர் பெயர் இருக்காது,
ஆறு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும்.
ஃபெர்ன்வே புதுப் போன் விட்ட வாரம்
ஓர் எண்ணுக்கு மட்டும் சீட்டுகள் மூன்று மடங்காயின.
பதினான்காம் வரிசை நிரம்பி
பதினைந்துக்கு வழிந்தது.
அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பகலில் நீதிமன்றத்தில்
ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறவர்கள்
இரவில் வாடகைச் சீட்டில் கையெழுத்திடுகிறார்கள்.
பாலுக்குக் காவலாம், பூனைக்குத் தோழனாம்.
இங்கே பாலே போய்
பூனையிடம் உறி வாடகைக்கு எடுத்திருக்கிறது.
பூட்டு கெட்டி, சாவி எங்களிடம்
என்கிறது.

பூட்டு கெட்டிதான், அவளும் ஒப்புக்கொள்வாள்.
வந்து சேரும் எந்தப் படமும்
தூளாகித்தான் வருகிறது.
முகம் ஓர் அலமாரியில், நிழல் வேறோர் ஊரில்.
இங்கிருக்கிற யாராலும் கூட்டி ஒட்ட முடியாது.

ஆனால்
இந்த வேலைக்கு முன் பதினோரு அறுவடைக் காலம்
வாண்டர்ப்ளூக் தானியக் களஞ்சியத்தில்
எடை மேடையில் உட்கார்ந்தவள் அவள்.
தார்ப்பாய் மூடித்தான் லாரிகள் வரும்.
அவள் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.
போன வருடம் முப்பது லோடு, இந்த வருடம் ஒன்பது.
இரவு பதினொன்றுக்கு அவசரமாய் அரை லோடு.
அண்ணன் பெயரில் வந்த சீட்டு
தம்பி பெயருக்கு மாறிய அக்டோபர்.
யார் மூழ்குகிறார்கள் என்பது
வங்கிக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.
எடை போதும்.

கால்டரிலும் எங்கோ ஒருவர்
எடை மேடையில் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது.
வாசல் லாக்கரில் வைத்துப் பூட்டுவாள்.
அவளுடையது ஃபெர்ன்வே.
அதில் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு படம்:
சூ சிட்டியில் ஒரு மோட்டல் குளியலறை,
மஞ்சள் விளக்கு, இடது மேற்கை,
நாலு விரல் பதிந்த நீலம்.
போலீசுக்குக் காட்டவில்லை. தங்கைக்கும் காட்டவில்லை.
அழிக்கவும் இல்லை.

போன் வெளியே நிற்கிறது.
படம் உள்ளே இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்; ஃபின்லாந்திலோ, ஓரிகனிலோ.

மூன்று மணி பத்துக்குப்
பதினான்காம் வரிசையில், இடுப்பு உயரத்தில்
ஒரு சிவப்பு விளக்கு.
தட்டை உருவினாள். இன்னும் சூடாயிருந்தது.
எண்ணைச் சரிபார்த்து, பையிலிட்டு, முத்திரை ஒட்டி
நொறுக்கும் இயந்திரத்தின் வாயில் வைத்தாள்.
விதிப்படி சாட்சிக்கு ஒருவர் வேண்டும்.
டெஸ்மண்ட் ஓடுவா தூக்கக் கண்ணோடு வந்து நின்றான்.
"யாருடையதாயிருக்கும்?" என்றான், சும்மா.
"ஏதோ ஓர் எண்" என்றாள்.
பொத்தானை அழுத்தும்போது
இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்,
ஏனென்று அவளுக்கே தெரியாமல்.

இன்னும் இரண்டு பிரதி இருக்கும். எப்போதும் இருக்கும்.

ஆறரைக்கு லாக்கரைத் திறந்தாள்.
ஃபெர்ன்வேயிடமிருந்து ஒரு செய்தி:
உங்கள் இடம் நிரம்பிவிட்டது,
மாதம் இன்னும் ஒரு டாலர்.
அந்த டாலரில் சில சென்ட் வாடகையாய் இங்கே வந்து
அவள் சம்பளத்தில் ஏறும்.
சிரிப்பு வந்தது.
பிறகு படத்தைத் தேடி எடுத்தாள்,
விரலை வைத்தாள்.
முப்பது நாள் குப்பையில் இருக்கும் என்றது போன்.
அதன்பின் "நியாயமான கால அளவுக்குள்."

வெளியே அறுத்த தாளடி மேல் பனி.
பாரம் ஏற்றிய முதல் லாரி
வாண்டர்ப்ளூக் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது,
தார்ப்பாயை இறுகக் கட்டி.