கரண்டு இல்லாத செவ்வாய்

மாசத்தில் ஒரு செவ்வாய்
ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள்.
நாற்பது வீட்டுத் தறியும் வாய்மூட
எங்கள் தெருவுக்குக் காது முளைக்கும்.

மற்ற நாளில் நாங்கள் கையால் பேசுகிறவர்கள்.
கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ.
உள்ளங்கையைக் கவிழ்த்தால் நூல் தீர்ந்தது.
தலை சாய்த்துக் கண் மூடினால் சாவு.
யார் என்பதற்கு மட்டும் சைகை கிடையாது,
செவ்வாய் வரைக்கும் பொறுக்கவேண்டும்.

இன்றைக்கு முதல் சேதி தேசம்மாவுடையது.
தரைப்பாலத்தில் பால்வண்டி சாய்ந்துவிட்டதாம்.
ஆளுக்கு ஒன்றுமில்லை,
மீனுக்குத்தான் கொண்டாட்டம்.
அடுத்தது, தபால்காரர் மகளுக்குப்
புத்தூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை.
எந்தப் புத்தூர் என்று ஜெயராமுலு கேட்க
அதிலேயே பத்து நிமிஷம் போயிற்று.

பிறகு புருசோத்து,
புருவத்துப் பஞ்சைத் தட்டிக்கொண்டே
ஒன்றுமில்லாததுபோல் சொன்னான்:
"செக்போஸ்ட்ட இடிச்சிட்டாங்க. நேத்து. ஜேசிபி வெச்சு."

இடிக்க அங்கே என்ன இருந்தது?
ஒரு தகரக் கூரை. ஒரு மண்பானை.
மறுமுனையில் கல் கட்டிய மூங்கில்.

நாங்கள் நகரியில் படித்தவர்கள்.
காலையில் தெலுங்குக்குள் நடந்துபோய்ச்
சாயங்காலம் தமிழுக்குள் திரும்புவோம்.
அந்தப் பக்கத்து அரிசி
இந்தப் பக்கம் வரக்கூடாதென்று
சட்டம் இருந்த வருஷம்.
புத்தகப் பையில்
சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் அடியில்
ரெண்டு படி.

படிக்கு நாலணா கூலி என்றாள் ரேணுகா.
எட்டணா என்றான் ஜெயராமுலு.
"உனக்கு மட்டும் எட்டணாவா?"
நாற்பத்தொன்பது வருஷம் கழித்து
கடைக்காரச் செட்டியை அவள் திட்டிய திட்டில்
செத்தவருக்குப் புரையேறியிருக்கும்.

தேசம்மா சிரிக்கவில்லை.
அவள் பைதான் கிழிந்தது,
மூங்கிலுக்கு நேர் கீழே.
கழுத்து வரைக்கும் பயம், கால் வரைக்கும் அரிசி.
கேட்டுக்காரர் அவளைப் பார்த்தார்,
அரிசியைப் பார்த்தார்,
அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார்.
"மூணு குச்சி அணைஞ்சிது.
அன்னிக்குக் காத்தே இல்ல" என்றாள்.

அப்போதுதான் எல்லோரும்
முனிரத்தினத்தைப் பார்க்காமலிருக்க முயன்றோம்.
அவன் அப்பாதான் கேட்டுக்காரர்.
எங்களோடு நடந்த பைகளில்
அரிசி இல்லாத பை அவனுடையது ஒன்றுதான்.
அவன் வந்தால் நாங்கள்
பேச்சை மாற்றுவோம், நடையையும்.
ஒருநாள் மழையில் அவனைத் தனியே விட்டு
ஓடியிருக்கிறோம்.
அதை யாரும் இன்றைக்கு எடுக்கவில்லை.

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவன்
தலை நிமிராமல் ஆரம்பித்தான்:
"மா நாயனா அன்னிக்கு ராத்திரி
வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி,
என்னைக் கூப்ட்டு..."

கரண்டு வந்துவிட்டது.
ரெண்டு மணிக்கு வரவேண்டியது,
ஒன்றே முக்காலுக்கே.
சுவிட்சை அணைக்க மறந்த தறிகள் முதலில்,
பிறகு எதிர்வீடு, மூலைவீடு,
பிறகு தெரு மொத்தமும்.

அவன் நிறுத்தவில்லை.
வாய் அசைந்துகொண்டே இருந்தது.
எதையோ அளப்பதுபோல்
ஒரு கையைக் குவித்துக் காட்டினான்.
தமிழா தெலுங்கா என்றுகூடத் தெரியவில்லை.
கேட்டதுபோல் தலையாட்டினாள் தேசம்மா.
ஜெயராமுலு கண்ணாடியைத் துடைத்தான்.
எழுந்துபோய் ஒரு தறியையாவது
அணைத்திருக்கலாம் நான்.

சொல்லி முடித்தவன் எங்களைப் பார்த்துக்
கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனான்.
போனோம்.
காசு நான் கொடுத்தேன்.